சிரட்டையைக் கவிழ்க்காமல் புகை அடித்துப் பயனில்லை

கேள்வி: "விலை கட்டுப்படியாகாததால் எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டோம். சுகாதாரப் பணியாளர்கள் வந்து, மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்கிறார்கள். மகன் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறான், மருமகள் மாசமாக இருக்கிறாள். புகை மருந்து அடித்தால் போதாதா?" (அருமனையிலிருந்து ஒரு வாசகி)

போதாது அம்மா. புகைக்கு அப்போது பறக்கிற கொசுதான் சாகும். சிரட்டைத் தண்ணீரில் நெளிகிற புழு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும்.

வெட்டு நடக்கும் மரத்தில் பால் எடுக்கும்போதே சிரட்டை காலியாகிவிடும். வெட்டு நின்ற மரத்தில் அது வாய் திறந்தபடி கம்பியில் தொங்கி, மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நம் குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. டெங்குவைப் பரப்பும், காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே தாராளம். உள்விளிம்பில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் கவிழ்ப்பதற்கு முன் உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழற்றிக் கூரைக்குள் அடுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

வெட்டு நின்றது உங்கள் குற்றமில்லை. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், உலகச் சந்தை சரிந்ததில் 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போனது. நோயும் கடல் தாண்டித்தான் வருகிறது. 2004-ல் கென்யாவில் கிளம்பிய சிக்குன்குனியா, இந்தியப் பெருங்கடல் தீவுகளைத் தாக்கிவிட்டு இந்தியாவுக்குள் நுழைந்தது. 2007-ல் கேரளத்தில் பரவிய வைரஸில் ஒரு மரபணு மாற்றம் இருந்தது. தோட்டங்களில் மண்டும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் அது எளிதாகப் பெருக அந்த மாற்றம் வழி செய்தது. வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸும் இந்தக் கொசுவால்தான் பரவும். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று உறுதியானது பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு. எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டினால் பாறசாலைதானே! ரப்பர் விலை விழும்போதே சுகாதாரத் துறையும் விழித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். காய்ச்சல் பரவிய பிறகு ஆள் எடுத்து, அடங்கியதும் நிறுத்துகிற ஏற்பாடு நிலைக்காது.

சரி, வீட்டு விஷயம். மகனுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவர் கொசுவலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகும். இந்தக் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் சாயங்காலமும் அதிகம். மருமகள் பகலில் படுத்தாலும் வலை கட்டுங்கள். காய்ச்சலோடு தடிப்போ கண் சிவப்போ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் வெளிநாட்டில் இருந்து, அங்கே சிரட்டை நிரம்பிக் கிடந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.