திருத்தியது யார்? சொந்தப் பதிப்புப் புத்தகங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: கிண்டிலில் 99 ரூபாய்க்கு ஒரு தமிழ் நாவல் வாங்கினேன். ஆசிரியரே வெளியிட்டது. நாற்பது பேருக்கு மேல் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். திறந்தால் பக்கத்துக்குப் பத்துப் பிழை. ‘ஞாயிற்றுக்கிழமை கரிக்குழம்பு’ மணக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோன மாமனார் ஒன்பதாம் அத்தியாயத்தில் வளைகாப்புக்கு வந்து ஆசீர்வாதம் செய்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? இனி ஏமாறாமல் வாங்குவது எப்படி? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் பணம். கிண்டில் புத்தகத்தை வாங்கிய 7 நாளுக்குள் திருப்பித் தரலாம். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் படித்துவிட்டால், நாமே பட்டனை அழுத்தித் திருப்புகிற வசதி போய்விடும்; வாடிக்கையாளர் சேவையில்தான் கேட்க வேண்டும். நீங்கள் வளைகாப்பு வரை பொறுமையாகப் போயிருக்கிறீர்கள். இருந்தாலும் 7 நாள் தாண்டவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள், காரணம் பிழைகள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கிடைக்காவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பிழையான சொல்லை விரலால் அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் பிழையைத் தெரிவிக்கும் வசதி உண்டு. அந்தப் புகார் அமேசான் வழியாக ஆசிரியருக்குப் போகும். பிழை மோசமாக இருந்தால் புத்தகத்தின் பக்கத்தில் எச்சரிக்கை போடுவார்கள், விற்பனையையே நிறுத்தியும் வைப்பார்கள். ஆசிரியர் திருத்திய பிரதியை ஏற்றினால், ஏற்கெனவே வாங்கிய உங்களுக்கும் அது காசில்லாமல் கிடைக்கும். உங்கள் கணக்கில் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள்.

இப்படி ஒரு புத்தகம் எப்படிக் கடைக்கு வந்தது என்றால், வருவதைத் தடுக்க வாசலில் யாரும் இல்லை. ஆசிரியர் கோப்பை ஏற்றுகிறார், அது சட்டத்தையும் தளத்தின் விதிகளையும் மீறுகிறதா என்று அமேசானில் பார்க்கிறார்கள், விற்பனைக்கு வந்துவிடுகிறது. கரியா கறியா என்று கேட்பது அவர்கள் வேலை இல்லை. அது ஆசிரியர் தன் கைக்காசைப் போட்டுச் செய்திருக்க வேண்டிய வேலை. அதுவும் ஒரே வேலை இல்லை, மூன்று. இறந்த மாமனாரைப் பிடிக்க வேண்டியவர் எடிட்டர்: கதை, கட்டமைப்பு, எது தேவை, எது வெட்ட வேண்டும் என்று பார்ப்பவர். செல்வி இருபது பக்கம் தள்ளிக் கலைச்செல்வி ஆவதையும், 1985-ல் ஒருவர் செல்போனில் பேசுவதையும் பிடிப்பது பிரதியை வரிவரியாகச் செம்மை செய்பவர். கடைசியில், பக்கம் வடிவமைத்த பிறகு கரிக்குழம்பைப் பிடிப்பவர்தான் மெய்ப்பு பார்ப்பவர். பெரும்பாலான சொந்தப் பதிப்புகளில் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு நண்பர் இருப்பார். இல்லாவிட்டால் ஒரு மென்பொருள். ‘கரி’ சரியான தமிழ்ச்சொல்தானே, சொல்திருத்தி அதை எப்படிப் பிடிக்கும்?

இனி வாங்கும் முன் செய்ய வேண்டியது. நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், சாம்பிளை இறக்குங்கள். புத்தகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இலவசமாக வரும். அதன் முதல் பக்கத்தைப் படித்து ஏமாறாதீர்கள். எல்லாரும் முதல் பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் வைத்திருப்பார்கள். சாம்பிளின் கடைசி நாலு பக்கத்துக்குப் போங்கள், அலுப்புத் தட்டிய பிறகு ஆசிரியர் எப்படி எழுதுகிறார் என்று தெரியும். பனி, பணி; கரை, கறை; வாலி, வாளி என்று பொருள் மாறுகிற பிழைகள் இருக்கின்றனவா? ஒரே ஆளின் பெயர் ஒரே மாதிரி வருகிறதா? யார் பேசுகிறார்கள் என்று குழம்பாமல் மேற்கோள் குறி திறந்து மூடுகிறதா? ஔவை என்று வர வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் தனித்தனியாகச் சேர்ந்து ‘ஒளவை’ என்று இருந்தால், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது வந்த வினையாக இருக்கலாம், தட்டச்சு செய்தவரின் பழக்கமாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் மாற்றியதை யாரும் திரும்பப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் எல்லாவற்றையும் பிழைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று தமிழறிஞர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். இந்த மாதிரி இடங்களில் நான் பார்ப்பது ஒன்றுதான்: எதைத் தேர்ந்தாரோ அதைப் புத்தகம் முழுக்க வைத்திருக்கிறாரா? வட்டார வழக்கில் எழுதிய உரையாடலைப் பிழை என்று சொல்வதும் அநியாயம்.

அப்புறம், பதிப்பு விவரம் இருக்கும் பக்கம். அட்டை வடிவமைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். திருத்தியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் நல்ல புத்தகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் பெயரைப் போட ஒருவர் சம்மதித்திருக்கிறார் இல்லையா, அது ஒரு நல்ல அறிகுறி. சொந்தக்காசில் போட்டது என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம். 1887-ல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைக் கையொப்பக்காரர்களிடம், அதாவது புத்தகம் வரும் முன்பே கையெழுத்துப் போட்டுப் பணம் தர ஒப்புக்கொண்டவர்களிடம், பணம் திரட்டித்தான் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏடு ஏடாக ஒப்பிட்டுத் திருத்திய உழைப்பு அதில் இருந்தது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். என் நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாக்க ஒரு நிறுவனத்திடம் 38,000 ரூபாய் கட்டினேன். எடிட்டிங், மெய்ப்பு, அட்டை, 50 பிரதி எல்லாம் சேர்ந்த ‘பேக்கேஜ்’. வந்த புத்தகத்தில் என் ஊர்ப் பெயரே மூன்று விதமாக இருக்கிறது. கேட்டால், ‘நீங்கள்தான் இறுதி பிடிஎஃப்பைப் பார்த்து ஓகே சொன்னீர்கள்’ என்கிறார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: அந்த ‘ஓகே’தான் அவர்களுடைய கேடயம். ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை ஐயா. எடிட்டிங்குக்கும் மெய்ப்புக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். அந்த வேலை நடந்ததா என்பது ஒரு கேள்வி, நீங்கள் பார்த்தீர்களா என்பது வேறு கேள்வி.

நான் பல வருஷம் மெய்ப்பு பார்த்தவன். ஒழுங்காகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் எனக்கு ஓடியதில்லை. 200 பக்கப் புத்தகம் என்றால் ஒரு வாசிப்புக்கு 20 மணி நேரம், இரண்டு வாசிப்புக்கு 40. இது மெய்ப்பு மட்டும், எடிட்டிங் கணக்கு தனி. அப்படியும் தப்பும். ஒரு புத்தகத்தை உள்ளே மூன்று முறை படித்துவிட்டு, பின்னட்டையில் ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசியர்’ என்று போனதைக் கோட்டை விட்டவன் நான். ஆகவே ஒன்றிரண்டு பிழைக்கு யாரையும் வழக்குக்கு இழுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஊர்ப் பெயர் மூன்று விதமாக இருப்பது அந்த ரகம் இல்லை. யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அதை நிரூபிப்பது எளிது. நீங்கள் கொடுத்த மூலப்பிரதியையும் அச்சான புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருபது பக்கம் ஒப்பிடுங்கள். உங்கள் பிழைகள் அப்படியே அச்சில் இருந்தால் யாரும் கை வைக்கவில்லை. உங்களிடம் இல்லாத பிழை புத்தகத்தில் புதிதாக முளைத்திருந்தால் உங்கள் வாதம் இன்னும் வலுவாகிவிடும், அது முழுக்க அவர்கள் கைவேலை. எடிட்டர் யார், அவர் திருத்தங்கள் காட்டிய கோப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வேலை நடந்திருந்தால் கோப்பு இருக்கும்.

பிறகு ஒரு கடிதம். ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். திருத்தி மறுபடி அச்சிட்டுத் தர வேண்டும், அல்லது எடிட்டிங்குக்கும் மெய்ப்புக்கும் உரிய தொகையைத் திருப்ப வேண்டும் என்று கேட்டு 15 நாள் கொடுங்கள். போனில் கத்துவதால் பயனில்லை, பதிவும் இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், அந்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ‘இவர் விற்று லாபம் பார்க்க அச்சடித்தார், இது வணிகம், இவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பேரப்பிள்ளைகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் கொடுக்க 50 பிரதி போட்டவரிடம் அந்த வாதம் நிற்பது கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

இனி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால் இதைச் சொல்லுங்கள்: ‘பேக்கேஜ்’ என்ற சொல்லை அவிழ்த்து ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரூபாய் போட்டுக் கேட்க வேண்டும். எடிட்டிங் என்றால் என்ன செய்வார்கள், எத்தனை வாசிப்பு என்று எழுதி வாங்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் ஐந்து பக்கம் திருத்திக் காட்டச் சொல்லலாம். மறுக்கிற இடத்தில் நான் காசு கட்ட மாட்டேன். மொத்தப் பணத்தையும் அச்சுக்கு முன் கொடுக்கக் கூடாது. பதிப்புரிமையும் வடிவமைத்த கோப்பும் யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டாம் பதிப்பில் திருத்தக்கூட அவர்கள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் தரம் பார்த்த புத்தகம் என்று பதிப்பு நிறுவனம் ஒன்று சொல்கிறது. அதற்குத் தனியாகக் காசும் கேட்கிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான 13 இலக்க எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகாது. இந்தியாவில் இதைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் இல்லை, ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் சிரமத்துக்குக் கூலி என்று கேட்டால் அது வேறு. எண்ணுக்கு விலை என்றால் கொடுக்காதீர்கள். கிண்டில் மின்னூலுக்கு இது தேவையே இல்லை.

கேள்வி: அத்தை மகன் புத்தகம் போட்டிருக்கிறார். குடும்ப வாட்ஸப் குழுவில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்கிறார். படித்தேன், சுமார்தான். போடாவிட்டால் மனஸ்தாபம். (வாசகி, மதுரை)

பதில்: ‘அமேசான் விதி விடாது அத்தான்’ என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை: ஆசிரியரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் அங்கே விமர்சனம் எழுதக் கூடாது, எழுதினால் நீக்கிவிடுவார்கள். அவரே வேறு பெயரில் வாசகர் வேஷம் போட்டுத் தன் புத்தகத்தைப் புகழ்வது இன்னும் மோசம். விற்பவர் நுகர்வோராக நடித்து விமர்சனம் போடுவதை 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளே தடை செய்கின்றன. இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. ஆனால் வெளியிட்டபோது அது விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதாகத்தான் இருந்தது, கட்டாயமில்லை.

இலவசப் பிரதி கொடுத்துக் கருத்துக் கேட்பதில் தவறில்லை, ‘நல்லதாக எழுது’ என்ற நிபந்தனை இல்லாதவரை. அத்தை மகனுக்கு உண்மையிலேயே உதவ நினைத்தால், நீங்கள் கண்ட பிழைகளைப் பக்க எண்ணோடு தாளில் எழுதித் தனியாகக் கொடுங்கள். ஒரு நாள் முகம் சுருங்கும், அப்புறம் அந்தத் தாளோடு வந்து உட்காருவார். என் அனுபவத்தில் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி கேட்ட தஞ்சாவூர் வாசகியின் நாற்பது விமர்சனமும் எப்படி வந்திருக்கும் என்று இப்போது ஓரளவு ஊகிக்கலாம். மூன்று நட்சத்திர விமர்சனங்களை முதலில் படிப்பது என் வழக்கம். ‘அருமை, அனைவரும் வாசிக்க வேண்டும்’ என்பது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். ‘நடுவில் அறுபது பக்கம் இழுக்கிறது, கிணறு தோண்டும் காட்சி நன்றாக இருந்தது’ என்று எழுதியவர் படித்திருக்கிறார்.

கேள்வி: புத்தகம் ஏஐ எழுதியதா என்று வாங்கும் முன் தெரிந்துகொள்ள முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: அட்டைப் பக்கத்தைப் பார்த்துத் தெரியாது. 2023 செப்டம்பரிலிருந்து கிண்டிலில் வெளியிடுபவர்கள் எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ ஏஐ உருவாக்கியதா என்று அமேசானிடம் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வாங்குபவருக்குக் காட்டுவதில்லை. ஒருவர் ஒரு நாளில் மூன்று புத்தகத்துக்கு மேல் புதிதாக ஏற்றக் கூடாது என்றும் அதே மாதம் வரம்பு வைத்தார்கள். வரம்பே மூன்று என்றால் நிலவரத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரைத் தட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் சர்க்கரை நோய், பங்குச் சந்தை, குழந்தை வளர்ப்பு, வாஸ்து என்று முப்பது புத்தகம் இருந்தால் நான் விலகிவிடுவேன். மருத்துவம், பணம் பற்றிய புத்தகம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். கதையில் பிழை என்றால் எரிச்சல்தான் வரும், மருந்தின் அளவில் பிழை என்றால் அப்படி இல்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய அச்சுப் புத்தகத்தில் 96-ம் பக்கத்துக்கு அடுத்து 113 வருகிறது. ஆசிரியரே விற்கிறார், ‘பிரித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்க மாட்டேன்’ என்கிறார். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் புத்தகத்தில் ஏழாவது பாரம் இல்லை. பாரம் என்பது ஒரே தாளில் அச்சிட்டு மடித்துச் சேர்க்கும் பக்கங்களின் கட்டு; ஒரு பாரத்துக்கு 16 பக்கம். ஆறு பாரம் 96-ல் முடிந்தது, 97 முதல் 112 வரை பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. பிரிக்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரிடமே கேளுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று அதே மின்வணிக விதிகள் சொல்கின்றன. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அவருக்கும் அவர் விற்கும் தளத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் பிரதியில் இல்லாத ஏழாவது பாரம் வேறு ஒருவர் பிரதியில் இரண்டு முறை இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் மிச்சப் பிரதிகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.