எந்த வரியில் இருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல், ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகளின் வாசிப்புப் பகுதியில் வரும் விவரக் கேள்விகள். யார், எப்போது, எதனால், எத்தனை என்று உரையில் இருப்பதையே கேட்பவை. “சுலபம் என்கிறார்கள், எனக்கு மட்டும் தவறிப்போகிறது” என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். சுலபம் என்று சொன்னவர்கள் தேர்வு எழுதி வெகுநாள் ஆகியிருக்கும்.

கேள்வி: நான்கு விடைகளில் இரண்டை உடனே தள்ளிவிடுகிறேன். மீதி இரண்டில் நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதுதான் சரியாக இருக்கிறது. இது என் ராசியா?

ராசி இல்லை. அந்தத் தவறான விடையை எழுதியவர் உங்களை மனத்தில் வைத்தே எழுதினார். ஒரு சிறு உரையைப் படியுங்கள்:

“1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்டுவந்த குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். கிடைத்தது ஒரு கரிய படிவு. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதா நிறம் தோன்றியது. அந்த நிறம் பட்டில் நன்றாகப் பற்றியது. துவைத்தாலும் வெயில் பட்டாலும் எளிதில் மங்கவில்லை. அதே ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார்.”

பெர்கின் எந்த நோக்கத்துடன் சோதனையைத் தொடங்கினார்?

அ) பட்டில் மங்காத ஊதா நிறத்தை உருவாக்க
ஆ) மலேரியாவுக்குப் புதிய மருந்து கண்டுபிடிக்க
இ) ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த ஒரு பொருளை ஆய்வகத்தில் உருவாக்க
ஈ) குயினைனின் நிறத்தை ஆராய

விடை ‘இ’. அதில் குயினைன் இல்லை, மலேரியா இல்லை, உரையின் முக்கியச் சொல் ஒன்றுகூட அப்படியே இல்லை. அதனால்தான் பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். ‘அ’வைப் பாருங்கள்: பட்டு, ஊதா, மங்காமை எல்லாம் உரையில் இருப்பவை. ஆனால் அது சோதனையில் விளைந்தது. அவர் தேடிப்போனது அதுவல்ல. வேறொரு கேள்விக்கான சரியான விடையை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ‘ஆ’வில் கெட்டுப்போனது ஒரே சொல், ‘புதிய’. மருந்து முன்பே இருந்தது. ‘ஈ’ உரையின் இரு மூலைகளிலிருந்து இரண்டு சொற்களைப் பிடுங்கி ஒட்டியது; வேகமாகப் படிப்பவருக்கு வைத்த பொறி.

என் வகுப்பில் எல்லோரிடமும் ஓர் அட்டை இருக்கும். கேள்வியைப் படித்ததும் விடைகளை அட்டையால் மூடிவிட வேண்டும். உரைக்குத் திரும்பி, விடை இருக்கும் வரியில் விரலை வைத்து, சொந்தச் சொற்களில் பதிலைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகே அட்டையை எடுக்கலாம். யாராவது பதில் சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: “எந்த வரி?” அங்கே பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு நன்கு தெரிந்த துறையில் உரை வந்தால் மதிப்பெண் குறைகிறது. தெரியாத துறையில் கூடுகிறது. ஏன்?

வாருங்கள், நாம் ஒரே கட்சி. நான் வேதியியல் படித்தவள். நான் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் வெப்பத்தைப் பற்றிய உரை வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பலர் வெப்பத்தை ஒரு பாய்மமாக, அதாவது நீர்போல் ஓடும் பொருளாகக் கருதினார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலிலேயே அதைச் சேர்த்திருந்தார். ‘அக்காலத்து அறிஞர்கள் வெப்பத்தை எதுவாகக் கருதினர்?’ என்பது கேள்வி. நான் உரையைப் பார்க்கவே இல்லை. ‘துகள்களின் இயக்கம்’ என்று குறித்துவிட்டு, ஒரு கேள்வியை அரை நிமிடத்தில் முடித்த பெருமிதத்துடன் அடுத்ததற்குப் போனேன். இயற்பியல்படி நான் சொன்னது சரி. மதிப்பெண் பூஜ்யம். தெரிந்த துறை என்றால் அட்டையை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள்.

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஒரு கூற்றைக் கொடுத்து ‘சரி’, ‘தவறு’, ‘கூறப்படவில்லை’ என்று குறிக்கச் சொல்கிறார்கள். ‘தவறு’ எது, ‘கூறப்படவில்லை’ எது என்று கடைசிவரை குழம்புகிறேன்.

மேலே உள்ள உரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அந்த நிறம் வெயிலில் விரைவாக வெளுத்தது’ என்றால் தவறு. அதை மறுக்கும் வரியை உங்களால் தொட்டுக் காட்ட முடியும். ‘பெர்கினின் ஆசிரியருக்குச் சோதனை பற்றித் தெரியாது’ என்றால் கூறப்படவில்லை. மாணவர் என்றால் ஆசிரியர் இருந்திருப்பார், அவருக்குத் தெரிந்திருக்கும் என்றெல்லாம் மனம் கதை கட்டும். கட்டட்டும், நீங்கள் அதை எழுத வேண்டாம். மறுக்கும் வரி இருந்தால் தவறு; ஆமென்றோ இல்லையென்றோ உரை வாய் திறக்கவில்லை என்றால் கூறப்படவில்லை. இவ்வகைக் கூற்றுகள் உரையின் வரிசையிலேயே வருவதும் உதவும். மூன்றாவதன் விடையும் ஐந்தாவதன் விடையும் கிடைத்துவிட்டால், நான்காவதை அந்த இரண்டுக்கும் நடுவில் தேடினால் போதும்.

கேள்வி: உரையை முதலில் படிப்பதா, கேள்வியையா?

தேர்வைப் பொறுத்தது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான கணினிவழி எஸ்.ஏ.டி. தேர்வில் ஒவ்வொரு சிறு உரைக்கும் ஒரே கேள்விதான். கேள்வியை முதலில் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 60 நிமிடங்களில் 3 உரைகள், 40 கேள்விகள். அங்கே ஒவ்வொரு பத்தியும் எதைப் பற்றியது என்று ஒரு நோட்டம் விட்டபின் கேள்விக்குப் போவதே என் வழக்கம். தேடும்போது வேஷம் மாற்ற முடியாத சொற்களைப் பிடியுங்கள்: ஆண்டு, எண், ஆள்பெயர், ஊர்ப்பெயர். ‘முயன்றார்’ என்பதைப் பத்து விதமாக மாற்றி எழுதலாம். பெர்கினை மாற்ற முடியாது. அந்தச் சொல் அகப்பட்டதும் நின்றுவிடாமல் முன்னும் பின்னும் ஒரு வரி படியுங்கள். விடை பெரும்பாலும் அடுத்த வரியின் ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ‘கீழ்க்கண்டவற்றுள் உரையில் கூறப்படாதது எது?’ என்ற கேள்விக்கு மட்டும் மூன்று நிமிடங்கள் போகின்றன.

போகத்தான் செய்யும். ஒரு கேள்வி என்று பெயர். தேட வேண்டியது மூன்று விவரங்கள். கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் அடித்துவிடுங்கள், மிஞ்சுவது விடை. நேரம் நெருக்கினால் அந்த உரையின் மற்றக் கேள்விகளை முடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் இரண்டு விவரங்களாவது கண்ணில் பட்டிருக்கும்.

கேள்வி: வேக வாசிப்புப் பயிற்சி வகுப்பில் சேரலாமா?

உங்கள் விடைத்தாளை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ‘இரண்டு சொற்களுக்கு மிகாமல்’ என்று கேட்ட நான்கு இடங்களில் மூன்று சொற்கள் எழுதியிருக்கிறீர்கள். நான்கும் போய்விட்டன. வேகம் வேண்டாம்.