கழிவுநீரைக் கவனிக்கும் பாக்டீரியா மின்கலம்: கேள்விகளும் பதில்களும்

பி.ஓ.டி. சோதனை (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளப்பது) ஏற்கெனவே இருக்கிறதே, நுண்ணுயிர் எரிபொருள் கலம் எதற்கு?

பி.ஓ.டி. முடிவு வர 5 நாள் ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்துவிடும். இந்தக் கலத்தில், ஆனோடு என்ற மின்முனையில் படிந்து வாழும் பாக்டீரியா கழிவைத் தின்று எலக்ட்ரானை அந்த மின்முனைக்கே கொடுக்கிறது. கழிவு கூடினால் மின்னோட்டமும் கூடும். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

எந்த பாக்டீரியா வாங்கணும் சார்?

எதுவும் வாங்க வேண்டாம். சுத்திகரிப்பு நிலையச் சேறு போதும். சில வாரம் கழிவுநீரை ஓடவிட்டால் ஜியோபாக்டர் போன்றவை தாமாகப் பெருகும்.

மின்னோட்டத்தை பி.ஓ.டி. அளவாக மாற்றுவது எப்படி?

1 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைக்கு ஈடான கழிவு முழுவதும் மின்சாரமானால் சுமார் 12 கூலும் (மின்னூட்டத்தின் அலகு) கிடைக்கும். நடைமுறையில் அவ்வளவு வராது. ஒரு பங்கு பாக்டீரியாவின் வளர்ச்சிக்குப் போகும், ஒரு பங்கு மீத்தேனாகும். அதனால் அளவு தெரிந்த கரைசல்களை ஓட்டி, உங்கள் கலத்துக்கென்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். செறிவு மிகவும் கூடினால் கோடு தட்டையாகிவிடும். அப்போது தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்துதான் அளக்க வேண்டும்.

நேற்றிரவு மின்னோட்டம் சட்டென்று விழுந்தது. நச்சு வந்துவிட்டதா அண்ணா?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிகவும் சிக்கலான கேள்வி இதுதான். தண்ணீர் சுத்தமாக வந்தாலும் மின்னோட்டம் விழும், பாக்டீரியா செத்தாலும் விழும். குளிர், பி.எச். மாற்றம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஆக்சிஜனும் நைட்ரேட்டும் மின்முனைக்குப் போக வேண்டிய எலக்ட்ரானை நடுவில் பறித்துக்கொள்ளும்.

முதலில் வெப்பநிலையையும் பி.எச்.சையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால், பாக்டீரியா எளிதில் தின்னும் உணவான அசிட்டேட் கொஞ்சம் கொடுங்கள். மின்னோட்டம் மேலே வந்தால் பாக்டீரியாவுக்குப் பசிதான். அசையவே இல்லையென்றால் தாமிரம் மாதிரி ஏதாவது நச்சைச் சந்தேகிக்கலாம், உடனே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் பக்கத்திலேயே இரண்டாவது கலம் ஒன்றை வைத்து, அதற்குள் போகும் கழிவுநீரில் எப்போதும் தேவைக்கு அதிகமாக அசிட்டேட் கலந்துவிடுங்கள். அந்தக் கலம் உணவுக் குறைவால் விழாது. அதுவும் விழுந்தால் நச்சு என்ற சந்தேகம் வலுக்கும்.

அப்புறம், எத்தனை நாள் உழைக்கும்?

கொரிய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கலம் 5 ஆண்டுக்கு மேல் ஓடியது. பாக்டீரியா தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். தொல்லை வருவது கேத்தோடு என்ற மற்ற மின்முனையின் பக்கம். அங்கே அழுக்கு படிந்தால் கழிவு மாறாமலேயே மின்னோட்டம் மெல்ல மெல்ல இறங்கும். அதைத் துடைத்துவிட்டு, தெரிந்த கரைசலை வைத்து மறுபடி அளவு சரிபாருங்கள்.