பெட்டியில் ‘ஜிபிஎஸ்’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: தனியாக வசிக்கும் என் அம்மாவுக்குப் பட்டன் போன்தான் பழக்கம். பின்பக்கம் சிவப்பு எஸ்ஓஎஸ் பட்டன் வைத்த ஒரு போனைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியில் ஜிபிஎஸ் என்றும் போட்டிருக்கிறது. ஏதாவது ஆபத்து என்றால் அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஜிபிஎஸ் செய்வது ஒரே வேலைதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தச் செயற்கைக்கோள்களுக்கு அது திருப்பி எதையும் அனுப்புவதில்லை. போட்ட கணக்கு உங்களிடம் வந்து சேர எஸ்எம்எஸ் அல்லது டேட்டா வேண்டும். அதற்கு டவர் கிடைக்க வேண்டும், சிம்மில் பணம் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது முதல் பாதி. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் பாதி.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “பட்டனை அழுத்தினால் என் போனுக்கு என்ன வரும்?” பல பட்டன் போன்களில் சைரன் அலறும், சேமித்து வைத்த எண்களுக்கு வரிசையாகக் கால் போகும், ‘உதவி தேவை’ என்று ஒரு எஸ்எம்எஸ் போகும். அவ்வளவுதான். எங்கே என்பது அதில் இருக்காது. டவரை மட்டும் வைத்து இடம் காட்டினால் சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை தள்ளிப் போகலாம்.

திருப்பிக் கொடுக்க முடிகிற நாட்களுக்குள் சோதித்துவிடுங்கள். ஜன்னலிலிருந்து தள்ளி, நடு அறையில் நின்று ஒருமுறை அழுத்துங்கள். வெளியே போய் இன்னொரு முறை. உங்கள் போனுக்கு வரும் மேப் இணைப்பைத் தொட்டால் எந்த இடம் தெரிகிறது, எத்தனை மணிக்குப் பிடித்த இடம் என்று இருக்கிறதா பாருங்கள். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் தேய்ந்துவிடும். அப்போது சில கருவிகள் கடைசியாக வெளியே பிடித்த பழைய இடத்தையே அனுப்பிவைக்கும். இன்னொன்று: பட்டியலில் முதல் எண்ணில் வாய்ஸ்மெயில் இருந்தால், அது எடுத்துப் பேசியதுமே ‘ஆள் கிடைத்துவிட்டார்’ என்று போன் நினைத்து, அடுத்த எண்ணுக்குப் போகாமல் நின்றுவிடக்கூடும். அந்த எண்ணில் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடுங்கள்.

என்னைக் கேட்டால், அம்மா பெரும்பாலும் வீட்டில்தான் என்றால் இருப்பிடத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். முகவரிதான் உங்களுக்குத் தெரியுமே! கீழே விழுந்து கிடக்கும்போதும் கைக்கு எட்டும் பட்டன், உரக்கக் கேட்கும் ஸ்பீக்கர், நாள் கணக்கில் நிற்கும் பேட்டரி, இந்த மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: பேட்டரிக்காக லொகேஷனை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டால் நான் இருக்குமிடம் அவர்களுக்குத் தெரியுமா?

பதில்: இது நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. அவசர எண்ணை அழைப்பவரின் இடத்தைப் போனே அனுப்பும் ஏஎம்எல் (Advanced Mobile Location) என்றொரு ஏற்பாடு 2014-ல் பிரிட்டனில் தொடங்கியது. 2016-ல் கூகுள் இதற்குத் தான் வைத்த வேறொரு பெயரில் ஆண்ட்ராய்டில் சேர்த்தது. ஆப்பிள் 2018-ல் ஐஓஎஸ் 11.3-ல் கொண்டுவந்தது. அவசர எண்ணை அழைத்ததும் போன் தானாகவே லொகேஷனை இயக்கி, ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் பார்த்து, கிடைத்த இடத்தைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடும். நீங்கள் எந்தச் செயலியும் போட வேண்டாம். ஆனால் எதிர்முனையில் இருக்கும் அவசர மையம் அதை வாங்கும் வசதியைச் செய்திருக்க வேண்டும். எல்லா நாட்டிலும் அது இல்லை.

எனவே இடத்தை முதலில் சொல்லுங்கள், நடந்ததை அப்புறம் சொல்லலாம். பாதியில் கால் துண்டித்தாலும் ஆள் வந்துவிடுவார்கள். மாடிக் கட்டடம் என்றால் எத்தனையாவது தளம் என்பதை வாயால் சொல்வதுதான் நம்பகம். இடம் பெயர் தெரியாத சாலை என்றால் மேப்பில் நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படியுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் சொன்னால் ஒரு மீட்டர் அளவுக்கு நுணுக்கம். நான்கு என்றால் பதினோரு மீட்டர், அதுவே தாராளம். நீலப் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் போனுக்கே இடம் நிச்சயமில்லை என்று பொருள். அந்த நேரத்து எண்களை நம்பாமல் பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளிக்குப் போகும் மகளுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்குவதா, பையில் போடும் சின்ன டேக் வாங்குவதா?

பதில்: டேக் சாவிக்கொத்துக்கு நல்லது, குழந்தைக்கு அல்ல. ஏர்டேக் போன்றவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. ப்ளூடூத்தில் குரல் கொடுக்கும். பக்கத்தில் போகிற யாருடைய போனாவது அதைக் கேட்டு உங்களுக்குச் சேதி அனுப்ப வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், அதாவது நீங்கள் பயப்படும் இடத்தில், அது மௌனமாகிவிடும்.

வாட்ச் வாங்கினால் சிம், மாதக் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2ஜி மட்டும் உள்ள மலிவு மாடலை எடுக்காதீர்கள். பல நாடுகளில் அந்த நெட்வொர்க்கை மூடிவருகிறார்கள். பாதுகாப்பு இன்னொரு கவலை. 2017-ல் நார்வே நுகர்வோர் மன்றம் சோதித்த சிறுவர் வாட்ச்களில் அந்நியர் புகுந்து குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்கும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. அதே ஆண்டு ஜெர்மனி, ரகசியமாக ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள சிறுவர் வாட்ச்களுக்குத் தடை போட்டது. பெயர் தெரியாத தயாரிப்பு, அப்டேட் வராத செயலி என்றால் வேண்டாம்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் குடும்பப் பாதுகாப்புச் செயலி அவசியமா?

பதில்: பெரும்பாலோருக்கு அவசியமில்லை. கூகுள், ஆப்பிள் போன்களில் இருப்பிடம் பகிரும் வசதி இலவசம். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று கிடைக்கிறது. ராத்திரிப் பயணத்துக்கு இதுவே போதும். எந்தச் செயலியானாலும் கெடுப்பது பேட்டரி சேமிப்பு அமைப்புதான். திரை அணைந்ததும் போன் செயலியை நிறுத்திவிடும், நீங்கள் பார்ப்பது பழைய இடமாக இருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

கேள்வி: டவர் இல்லாத மலைப்பாதைகளில் நடப்பவன் நான். என்ன வாங்கலாம்?

பதில்: முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்தால் சாதாரண போனே வழி காட்டும். உதவி கேட்கத்தான் வேறு கருவி வேண்டும். ஐபோன் 14-லிருந்து செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம், ஆனால் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும். அடிக்கடி போகிறவர் என்றால் 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் அவசர பீக்கன், அதாவது செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு அபாய சிக்னல் அனுப்பும் கருவி, நல்லது. சந்தா இல்லை, வாங்கியதும் பதிவு செய்ய வேண்டும். எதை வாங்கும் முன்னும் நீங்கள் நடக்கப்போகும் நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருந்தாலே விமான நிலையத்தில் பிடித்து வைக்கும் நாடுகள் உண்டு.