கோப்பையில் ஓடும் இழைகள்

கேள்வி: ஜப்பானிலிருந்து மகன் கொண்டுவந்த ஹாகி என்னும் மட்பாண்ட வகைக் கோப்பையின் உட்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன, தேத்தண்ணீர் ஊற்ற ஊற்ற அவை பழுப்பாகின்றன. கோப்பை பழுதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: பழுதன்று. சூளையில் சுட்டபின் ஆறும்போது, மேற்பூச்சு மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் தோன்றும் இவ்விழைகளை ஜப்பானியர் ‘கன்னியூ’ என்பர். அவற்றினூடே தேநீர் ஊறி, கோப்பை ஆண்டுக்கணக்கில் நிறம் மாறுவதை ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்று போற்றுவர். (புதுக் கோப்பையைவிட அதுவே எனக்கு அழகு.)

பாவிக்குமுன் சிறிது நேரம் நீரில் ஊறவிட்டால், மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்து, கறை ஆழமாக இறங்காது. சவர்க்கார வாசனையை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், வெந்நீரும் மென்துணியுமே போதும். நம் கிணற்று நீரின் சுண்ணாம்பு வெண்படலமாகப் படியுமாகையால், இறுதியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள். மாரிகாலத்தில் ஈரத்துடன் அலுமாரியில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடிவளையம் பூச்சற்றதால் அங்கேதான் ஈரம் கடைசியாகக் காயும்.