காலச் சுழலில் மாட்டிய பித்தளை டபரா

காலப்பயணக் கதைகளில் வரும், கடந்த காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொல்லும் முரணும், விளைவே தன் காரணத்தை உண்டாக்கும் காரணச் சுழலும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முதலாவதில் தர்க்கமே உடைகிறது: தாத்தா இளமையிலேயே இறந்தால் கொல்லப்போன பேரன் ஏது? சுழலில் எதுவும் உடையாது. தொடக்கம் மட்டும் இருக்காது. 2015இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ‘டாக்டர் ஹூ’வில் அதன் நாயகன் டாக்டர் சொல்லும் கதையில், பீத்தோவனைத் தேடிப் போன காலப்பயணி அப்படி ஒருவரே இல்லையென்று கண்டு, கையிலிருந்த இசைத்தாள்களைத் தானே படியெடுத்து வெளியிடுகிறான். இசையமைத்தது யார்? ஜெர்மன் தொடர் ‘டார்க்’ இன்னும் துணிச்சல்: ஒரு தாயும் மகளும் ஒருவருக்கொருவர் தாய்!

பொருள் சுழன்றால்தான் வம்பு. மயிலாப்பூரில் பாட்டி எனக்குத் தந்த பித்தளை டபராவை 1960க்குக் கொண்டுபோய் அவரிடமே கொடுக்கிறேன், அதையே அவர் பின்னாளில் எனக்குத் தருகிறார் என்று வையுங்கள். அத்தனை ஆண்டுகள் அவர் புளி போட்டுத் தேய்த்ததில் குறைந்த பித்தளையை யார் திரும்ப ஒட்டுவது?