கார்ஃப் கோட்டைச் சுவர்கள் சாய்ந்து நிற்பது ஏன்? காலத்தால் சிதைந்ததா?

இல்லை, திட்டமிட்டு இடித்தது. இங்கிலாந்தின் டார்செட்டில் உள்ள இந்தக் கோட்டை, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பிடம் இருந்தது. 1646 பிப்ரவரியில், உள்ளே இருந்த அதிகாரி ஒருவரின் துரோகத்தால் வீழ்ந்தது. மறுபடி யாரும் அரணாகப் பயன்படுத்தக் கூடாதென்று நாடாளுமன்றம் அதை இடிக்க உத்தரவிட்டது.

சுவரடியில் குழி தோண்டி, மரமுட்டுக் கொடுத்து, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். சுவரோ வெளியே செதுக்கிய பர்பெக் (அந்த வட்டாரத்து) சுண்ணாம்புக்கல், நடுவே சுண்ணாம்புச் சாந்தில் இறுகிய கல்நிரப்பு. அதனால் பல இடங்களில் தூள்தூளாகாமல், பாளம் பாளமாகவே பெயர்ந்தது. தென்மேற்கு வாயிலைக் கட்டாயம் பாருங்கள்: ஒரு பாதி சரிவில் கீழே இறங்கியும் நிமிர்ந்தே நிற்கிறது, நடுவில் பிளந்த வளைவு, இருபுறமும் வெவ்வேறு உயரத்தில்!

பிறகு ஊர்க்காரர்கள் கற்களை எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

இன்றைய எதிரி தண்ணீர். திறந்து கிடக்கும் சுவர் உச்சி வழியே இறங்கும் மழைநீர் குளிரில் உறைந்து விரிந்து கல்லைப் பெயர்க்கும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி நிலைமை மோசமாகும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி.